நாட்டுக்கு ஒரு நாக்கு உண்டா?

ரஷ்யர் என்றால் வோட்கா, ஜெர்மானியர் என்றால் பீர், பிரெஞ்சுக்காரர் என்றால் ஒயின், ஸ்காட்லாந்துக்காரர் என்றால் விஸ்கி. இந்த ஜோடிகளை யாரும் உட்கார்ந்து படித்ததில்லை; சினிமாவும் விளம்பரமும் பழக்கிவிட்டன. இவற்றில் எவ்வளவு உண்மை, அந்த உண்மை எங்கிருந்து வந்தது, ஒருவருடைய கடவுச்சீட்டைப் பார்த்து அவர் கோப்பையில் என்ன இருக்கும் என்று சொல்லிவிட முடியுமா என்பவை வெவ்வேறு கேள்விகள். ஆனால் சுமார் ஈராயிரம் ஆண்டுகளாக இவை ஒன்றோடொன்று குழம்பியே பேசப்பட்டு வந்திருக்கின்றன.

கி.பி. 98-ஐ ஒட்டி 'ஜெர்மானியா'வை எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அந்த மக்கள் பார்லியையோ கோதுமையையோ புளிக்கவைத்து ஒயின் போன்ற ஒன்றைச் செய்து குடிப்பதாகக் குறித்தார். கேட்டதையெல்லாம் ஊற்றிக் கொடுத்தால் ஆயுதத்தால் வெல்வதற்குக் குறையாத எளிமையோடு அவர்களை வென்றுவிடலாம் என்றும் கருதினார். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுக்கப்பட்ட வரலாற்றுக் குறிப்பேடு, 986-ஐ ஒட்டி இளவரசர் விளாதிமிர் இஸ்லாத்தை ஏற்க மறுத்ததற்கு, ரூஸ் மக்களுக்குக் குடியில் இருந்த மகிழ்ச்சியைக் காரணமாகச் சொல்கிறது. ரஷ்யர்களின் வோட்கா மோகம் ஆயிரம் ஆண்டுப் பழையது என்று காட்ட இன்றும் இந்தக் கதையை எடுத்து வைப்பவர்கள் உண்டு. விளாதிமிர் காலத்தில் அங்கே வோட்காவே கிடையாது. குடித்தது தேன்மதுவும் பீர் வகைகளும்தான். காய்ச்சி வடிக்கும் தொழில் அந்தப் பக்கம் போய்ச் சேர இன்னும் சில நூற்றாண்டுகள் பாக்கி இருந்தன. தேசிய பானம் பற்றிய பேச்சில் இப்படிப்பட்ட காலக்குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

தட்பவெப்பம் தரும் விடை

மிகப் பழைய விளக்கம் மண்ணையும் குளிரையும் சார்ந்தது. 1748-இல் வெளியான 'சட்டங்களின் ஆன்மா' நூலில் மொந்தெஸ்கியூ, குளிரும் ஈரமும் கூடக் கூடக் குடியும் கூடுகிறது என்றும், மதுவை விலக்கும் சட்டம் அரேபியாவின் வெப்பத்துக்குப் பொருந்துகிறது என்றும் வாதிட்டார். பின்வந்தவர்கள் இதை ஒரு வரைபடமாகவே ஆக்கினார்கள். தெற்கு ஐரோப்பாவில் திராட்சை விளைகிறது, ஆகவே ஒயின்; நடுவில் தானியமும் ஹாப்ஸ் கொடியும், ஆகவே பீர்; வடகிழக்கில் கடுங்குளிர், ஆகவே வடித்த சாராயம்.

தொடக்கப் புள்ளியாக இது தவறல்ல. சரக்குப் போக்குவரத்துக்குச் செலவு அதிகமாக இருந்த காலத்தில் மக்கள் பக்கத்தில் விளைந்ததைத்தான் புளிக்கவைத்தார்கள். ஆனால் இதற்கு மேல் இந்த விளக்கம் நகர்வதில்லை. செக் நாடும் போலந்தும் அண்டை நாடுகள். இரண்டிலும் தானியம் விளைகிறது. செக் நாடு தலைக்குப் பீர் குடிப்பதில் பல ஆண்டுகளாக உலகில் முதலிடத்தில் இருக்கிறது. போலந்தோ வோட்கா பிறந்தது தன் மண்ணில்தான் என்று ரஷ்யாவோடு வழக்காடுகிறது. ஸ்பெயினில் திராட்சைத் தோட்டங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன, ஸ்பானியர்களுக்கு மட்டும் பீர் முதன்மை ஆகிவிட்டது. வெயிலும் மண்ணும் மாறாதபோது கோப்பை மாறியதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கஜானாவின் கை

அந்தக் காரணத்தைப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் வரிப் பதிவேடுகளில் தேடினார்கள். இந்தக் கட்டுரை பரிசீலிக்கும் விளக்கங்களில் அதிகச் சான்று உள்ளது இதுவே என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 17-ஆம் நூற்றாண்டில் வசதியுள்ள ஆங்கிலேயர் விரும்பிக் குடித்தது பிரான்சின் போர்தோ பகுதி ஒயின். 1689-இல் பிரான்சோடு போர் மூண்டதும் பிரெஞ்சு ஒயின் மீது தடையும் கடும் சுங்கமும் மாறி மாறி விழுந்தன. 1703-இல் போர்ச்சுகலோடு செய்துகொண்ட மெத்வென் ஒப்பந்தம், போர்ச்சுகீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சுங்கத்தை உறுதி செய்தது. ஆங்கிலேயக் கனவான் என்றதும் நினைவுக்கு வரும் போர்ட் ஒயின் அந்த ஒப்பந்தத்தின் குழந்தை. அதே காலத்தில் உள்நாட்டில் சாராயம் வடிக்கும் தொழில் திறந்துவிடப்பட, மலிவான ஜின் லண்டன் ஏழைகளைச் சூறையாடியது. 1751-இல் ஓவியர் ஹோகார்த் ஜின் தெருவின் சீரழிவையும் பீர் தெருவின் செழிப்பையும் இரட்டைப் படங்களாக அச்சிட்டார். அந்தப் படத்தில் பீர்தான் ஆங்கிலேயத் தேசபக்தியின் பானம். ஹாப்ஸ் சேர்த்த அந்தப் பீரும் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் நெதர்லாந்துப் பக்கமிருந்து வந்து சேர்ந்ததுதான் என்பதை அப்போது யார் நினைத்துப் பார்த்தார்கள்?

ஜான் நை 2007-இல் வெளியிட்ட 'போர், ஒயின், வரிகள்' என்ற நூல் இந்த வரலாற்றை ஒரு கோட்பாடாகவே முன்வைக்கிறது. ஒயினுக்கு வரிச்சுவர் எழுப்பியதால் உள்நாட்டுப் பீர் ஆலைகள் பெருத்தன. பெருத்த ஆலைகளிடம் கலால் வசூலிப்பது அரசுக்குச் சுலபமாயிற்று. வசூல் கொடுத்த தொழிலைக் காப்பது அரசின் தேவையும் ஆயிற்று.

டென்மார்க் இதைவிடத் தெளிவான சாட்சி. முதல் உலகப் போர் நடந்த 1917-இல் தானியத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த அரசு அக்வவிட் என்ற வடித்த மதுவின் மீது பெரும் வரியை ஏற்றியது. அதன் விலை பத்து மடங்குக்கு மேல் எகிறியது. பீர் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஓரிரு ஆண்டுகளில் மொத்த மது நுகர்வு ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தது. எஞ்சிய குடி பெரும்பாலும் பீராக மாறியது. சாராய நாடாக இருந்த டென்மார்க் பீர் நாடாக ஆனது இப்படித்தான். டேனியர்களின் குணமோ குளிரோ அந்த இடைவெளியில் மாறியிருக்க வழியில்லை.

கொரியாவின் சோஜுவும் அரசாணை வழி வந்த தேசிய பானம்தான். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படையெடுப்போடு வந்த வடித்தல் நுட்பத்தால் கொரியர்கள் அரிசியிலிருந்து சோஜு காய்ச்சினார்கள். 1965-இல் உணவுத் தானியத்தைச் சேமிக்கத் தென் கொரிய அரசு அரிசியில் சோஜு வடிப்பதைத் தடை செய்தது. ஆலைகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு போன்றவற்றிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் தண்ணீரும் இனிப்பும் கலந்து விற்றன. தடை பிற்பாடு நீங்கிவிட்டது. கொரியத் தொலைக்காட்சித் தொடர்களில் பச்சைப் புட்டியில் வருவது இன்றும் அந்தக் கலப்புச் சோஜுதான். உலகம் அதைத்தான் கொரியாவின் ஆதி ருசி என்று நம்புகிறது.

தமிழ்நாட்டையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் கள்ளும் தேறலும் நறவும் திரும்பத் திரும்ப வருகின்றன. யவனர் கொண்டுவந்த ஒயினையும் புறநானூறு அறிந்திருக்கிறது, அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியச் சாடிகள் அதற்கு ஒத்துப்போகின்றன. 1987 முதல் கள் இறக்கத் தடை. 2003-இல் மதுச் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் ஏற்றது. இன்று இங்கே சட்டப்படி கிடைப்பவை ஆலையிலிருந்து புட்டியில் வருபவை மட்டும். எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. பனையும் தென்னையும் இரு பக்கமும் உண்டு.

வரி விளக்கத்துக்குப் பலவீனம் இல்லாமல் இல்லை. 1860-இல் பிரான்சோடு செய்த வணிக ஒப்பந்தத்தை ஒட்டி பிரிட்டிஷ் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் ஒயின் சுங்கத்தைப் பெருமளவு குறைத்தார். இறக்குமதி கூடியது. ஆனால் பீர் தன் இடத்தை விடவில்லை; ஒயின் சாதாரண ஆங்கிலேய வீட்டு மேசைக்கு வர ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. வரி போட்டதும் மாறிய ருசி, வரி போனதும் ஏன் திரும்பவில்லை? சோவியத் அனுபவம் எதிர்ப்பக்கத்துச் சிக்கலைக் காட்டுகிறது. ஜார் காலத்தில் வோட்கா அரசின் தனியுரிமை; முதல் உலகப் போருக்கு முன் அரசு வருவாயில் கால் பங்குக்கு மேல் அதிலிருந்து வந்தது. 1985-இல் கோர்பச்சேவ் உற்பத்தியை வெட்டிக் குறைத்தபோது, மக்கள் வீட்டிலேயே காய்ச்சக் கிளம்ப, கடைகளில் சர்க்கரை கிடைக்காமல் போனது. சில ஆண்டுகளில் அந்த இயக்கம் கைவிடப்பட்டது. பின்னர் குறைந்தபட்ச விலை, இரவு விற்பனைத் தடை, வரி உயர்வு என்று படிப்படியாகப் போனபோது பலன் வேறு: 2003-க்கும் 2016-க்கும் இடையில் ரஷ்யாவில் தலைக்கான மது நுகர்வு 43 விழுக்காடு குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசால் ருசியைத் திருப்ப முடிகிறது, ஆனால் எப்போதும் அல்ல, எந்த வேகத்திலும் அல்ல.

புதிதாய்ச் செய்த பழைமை

மூன்றாவது தரப்பு, தேசிய பானங்கள் பிற்காலத்தில் கட்டப்பட்ட அடையாளங்கள் என்கிறது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்த 'மரபின் கண்டுபிடிப்பு' இந்தப் பார்வைக்கு வலுச் சேர்த்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டு மரபுகள் எப்போது உருவாயின என்பதை ஹியூ ட்ரெவர்-ரோப்பர் அதில் ஆராய்ந்தார். விஸ்கியின் கதையும் அந்தப் போக்கில்தான் செல்கிறது. 18-ஆம் நூற்றாண்டு எடின்பரோவின் படித்த வகுப்பினர் விரும்பியது பிரெஞ்சு ஒயினை. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் அங்கே வந்தபோது, வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த கட்டம்போட்ட உடை விழாவில் மலைநாட்டு அடையாளம் நாட்டு அடையாளமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டின் கலால் சட்டம் உரிமத்தோடு விஸ்கி காய்ச்சுவதை லாபமாக்கியது. 1860-களில் தொடங்கிப் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை ஃபில்லாக்சரா பூச்சி அழித்ததில் பிராந்தி அரிதாகிவிட, அந்த வெற்றிடத்தில் ஸ்காட்ச் நுழைந்தது. தொன்மையான மலைநாட்டுப் பானத்தின் உலகப் புகழில் பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்த ஒரு பூச்சிக்கும் பங்கு உண்டு.

செக் தேசப் பெருமையான பில்சன் பீரை 1842-இல் முதலில் காய்ச்சியவர் யோசப் குரோல் என்ற பவேரியர். அயர்லாந்தின் அடையாளமான கின்னஸ், லண்டனில் பிறந்த போர்ட்டர் என்ற கறுப்புப் பீரின் வழித்தோன்றல். ஜெர்மனியின் 1516-ஆம் ஆண்டுத் தூய்மைச் சட்டம் உண்மையில் பவேரியாவின் சட்டம். ஜெர்மனி முழுவதற்கும் அது பொருந்தியது 1906-இல்தான். அதைக் காட்டி வெளிநாட்டுப் பீரைத் தடுத்ததை ஐரோப்பிய நீதிமன்றம் 1987-இல் செல்லாது என்றது. தீர்ப்புக்குப் பிறகும் ஜெர்மானியர் பெரும்பாலும் தங்கள் பீரையே வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வோட்காவின் 40 விழுக்காட்டு அளவை ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1865-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் கண்டறிந்தார் என்பது அடிக்கடி அச்சேறும் கட்டுக்கதை. அந்த ஆய்வேடு ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது நிகழ்வது பற்றியது.

1957-இல் ரோலாண் பார்த் 'புராணவியல்கள்' நூலில் ஒயினைப் பிரான்சின் குலச்சின்னம் போலப் பார்த்தார். நல்ல பிரெஞ்சுக்காரர் ஒயினை நம்பியாக வேண்டும் என்ற சமூகக் கட்டாயம் அவர் கண்ணில் பட்டது. பிரதமராக இருந்த மெந்தேஸ் பிரான்ஸ் பால் குடித்தது அந்நாளில் அரசியல் பேச்சாகவே ஆயிற்று. அல்ஜீரியாவில் முஸ்லிம்களிடம் பறித்த நிலத்தில் ஒயின் திராட்சை விளைவதையும் பார்த் சுட்டிக்காட்டத் தவறவில்லை. அவர் எழுதிய காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் சராசரியாக ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதிகூட இல்லை. சின்னம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தத் தரப்பிடம் கேட்க வேண்டியது ஒன்று. எல்லா மரபும் ஒரு நாளில் தொடங்கியதுதான். பிறந்த தேதியைச் சொல்லிவிட்டால் அது பொய் என்று ஆகிவிடுமா? சோஜு 1965-இன் விளைவு என்பதால், அதைக் குடித்து வளர்ந்த கொரியரின் விருப்பம் போலியாகிவிடாது. தோற்றத்தை விளக்குவதில் கெட்டியான இந்தப் பார்வை, பிடிப்பை விளக்குவதில் தளர்ந்துவிடுகிறது.

உடம்பு என்ன சொல்கிறது

உயிரியல் விளக்கத்தில் உறுதியான சான்று ஒன்று உண்டு. குடித்த ஆல்கஹால் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பின் வேறொரு நொதியால் சிதைகிறது. அந்த நொதிக்கான ஏஎல்டிஹெச்2 மரபணுவின் ஒரு வடிவம் அதன் வேலையை மந்தமாக்குகிறது. கிழக்காசியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடமிருந்து பாதிப் பேர் வரை அந்த வடிவம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கோப்பைக்கே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். இது குடிநோயிலிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனால் ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளில் அந்த மந்த வடிவத்தின் ஒரு பிரதியை உடையவர்கள் 1979-இல் 2.5 விழுக்காடு, 1992-இல் 13 விழுக்காடு. பதின்மூன்று ஆண்டுகளில் மரபணு மாறாது. அலுவலகம் முடிந்து மேலாளரோடு குடிக்க வேண்டிய கட்டாயம் போன்ற சமூக அழுத்தங்கள் உடம்பின் எச்சரிக்கையை மீறியிருக்கலாம் என்பதே பொதுவான ஊகம்.

கசப்புணர்வு வேறு கதை. 1931-இல் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ், ஒரே பொடி சிலருக்குக் கடுங்கசப்பாகவும் சிலருக்குச் சுவையற்றதாகவும் இருப்பதைத் தற்செயலாகக் கண்டார். அதன் மரபணு அடிப்படை பின்னர் தெரியவந்தது. கசப்பைக் கூர்மையாக உணர்பவர்கள் சற்றுக் குறைவாகக் குடிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. முடிவுகள் சீராக இல்லை. முக்கியமாக, இந்த வேறுபாடு எல்லா நாட்டிலும் ஒரே தெருவுக்குள், ஒரே குடும்பத்துக்குள் இருக்கிறது. எவ்வளவு குடிப்பார் என்பதைப் பற்றி உடம்பு ஏதோ சொல்கிறது. பீரா ஒயினா என்பதைப் பற்றி அநேகமாக வாய் திறப்பதில்லை.

பழகிய நாக்கு, எதிர்பார்க்கும் மூளை

வரி போன பிறகும் ருசி நிற்பதேன் என்ற கேள்விக்குப் பழக்கம் பற்றிய ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால் குழந்தை கேரட் வாசனையை எளிதில் ஏற்கிறது என்று ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-இல் காட்டினர். ஊர் மாறிய அமெரிக்கர்கள் கடையில் வாங்கும் பொருட்களை ஆராய்ந்த பிரோனன்பெர்க், துபே, ஜென்ட்ஸ்கோவ் ஆகியோர் (2012), பிராண்டுகளின் சந்தைப் பங்கு ஊருக்கு ஊர் வேறுபடுவதில் சுமார் 40 விழுக்காட்டை மக்களின் பழைய அனுபவம் விளக்குகிறது என்று கணக்கிட்டனர். இந்தியாவுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் குடியேறியவர்கள், வயிற்றுக்குக் குறைந்தாலும் பழைய ஊர் உணவுக்கே செலவிடுகிறார்கள் என்று டேவிட் அட்கின் 2016-இல் எழுதினார். இவை மது பற்றியவை அல்ல. ஆனாலும் தாத்தாவின் காலத்து வரி பேரனின் நாக்கில் தங்குவதற்கு வழி இருக்கிறது என்று காட்டுகின்றன.

எதிர்பார்ப்பின் ஆட்டம் இன்னும் வேடிக்கையானது. 1997-இல் ஓர் ஆங்கிலேயப் பல்பொருள் அங்காடியில் ஒயின் அடுக்கின் அருகே ஒரு நாள் பிரெஞ்சு அக்கார்டியன் இசை, மறுநாள் ஜெர்மானியப் பித்தளை வாத்திய இசை என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சு இசைக்குப் பிரெஞ்சு ஒயின் 40 புட்டி, ஜெர்மன் ஒயின் 8. ஜெர்மன் இசைக்கு ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. வாங்கியவர்களில் மிகச் சிலரே இசைக்குப் பங்கிருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். இரண்டே வார ஆய்வு, சிறிய எண்ணிக்கை. அதிகம் சுமத்தக் கூடாது. ஆனால் 2001-இல் போர்தோவில் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது 54 ஒயினியல் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் அதை வர்ணித்ததும், 1976 பாரிஸ் போட்டியில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் ருசித்துக் கலிபோர்னியா ஒயின்களை முதலிடத்தில் வைத்ததும் அதே திசையில்தான் நிற்கின்றன. தேசம் பற்றிய எண்ணம் ருசியின் பகுதியாகவே நாக்கில் கலந்திருக்கிறது. அப்படியானால் நாட்டுப் பானம் என்ற பொதுப்பிம்பம் ருசியைப் பிரதிபலிப்பதோடு நிற்காமல், கொஞ்சம் ருசியை உண்டாக்கவும் செய்கிறது.

சராசரியின் பொய்

ஒரு நாடு எதைக் குடிக்கிறது என்பதிலிருந்து ஒருவர் எதைக் குடிப்பார் என்பதற்குத் தாவுவதே எல்லாவற்றிலும் ஆபத்தான தாவல். அயர்லாந்தைக் குடிகாரர் நாடு என்று கேலிச்சித்திரங்கள் ஊருக்கெல்லாம் சொன்ன 19-ஆம் நூற்றாண்டில்தான், 1838-இல் பாதிரியார் தியோபால்டு மாத்யூ தொடங்கிய இயக்கத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அடுத்த நூற்றாண்டிலும் அங்கே மிகுதியாகக் குடிப்பவர்களும் துளியும் தொடாதவர்களும் சேர்ந்தே அதிகமாக இருந்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் தங்கள் மீது ஒட்டப்பட்ட பிம்பத்தைத் தாங்களே அடையாளமாக ஏற்றார்கள் என்று ரிச்சர்ட் ஸ்டிவர்ஸ் 1976-இல் வாதிட்டார்.

இந்தியாவின் நிலை இதைவிடக் கூர்மையானது. அளவில் உலகின் மிகப் பெரிய விஸ்கிச் சந்தை இதுவே. அதில் பெரும்பகுதி வெல்லப்பாகுக் கழிவிலிருந்து எடுத்த சாராயம் கலந்தது என்பதால் ஐரோப்பியச் சட்டப்படி விஸ்கி அல்ல என்பது தனி விவகாரம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 19 விழுக்காட்டினரும் பெண்களில் ஒரு விழுக்காட்டினரும் மட்டுமே மது அருந்துகிறார்கள். குடிப்பவர்களுக்குள்ளும் வடக்கே விஸ்கி, தெற்கே பிராந்தி. சளிக்குப் பிராந்தி மருந்து என்ற நம்பிக்கை இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு; நிறுவப்பட்டதாகத் தெரியவில்லை.

2005-இல் டெராச்சியானோ உள்ளிட்டோர் 49 பண்பாடுகளில் நடத்திய ஆய்வு, தம் நாட்டவரின் குணம் என்று மக்கள் நம்புவதற்கும், அளந்த சராசரிக் குணத்துக்கும் பொருத்தமில்லை என்று கண்டது. அது ஆளுமை பற்றியது. பான விருப்பத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. விற்பனைக் கணக்கில் செக் நாட்டவர் பீர் அதிகம் குடிப்பது மெய்தானே. ஆனால் பியர் பூர்தியே 1979-இல் காட்டியபடி, பிரான்சுக்குள்ளேயே யார் சாதாரணச் சிவப்பு ஒயினும் யார் விஸ்கியும் குடிக்கிறார்கள் என்பது வர்க்கத்தோடு சேர்ந்தே நகர்ந்தது. வயது, பாலினம், மதம், வருமானம் தெரிந்தால் கடவுச்சீட்டை மட்டும் வைத்துச் சொல்வதைவிட நன்றாக ஊகிக்கலாம்.

முடியாத கணக்குகள்

அலெக்சாண்டர் ஹோம்ஸும் கிம் ஆண்டர்சனும் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1960-களிலிருந்து நாடுகளின் மது நுகர்வுக் கலவை ஒன்றையொன்று நெருங்கி வருகிறது. சாராய நாடான சுவீடனில் ஒயின் முன்னுக்கு வந்திருக்கிறது. ரஷ்யாவில் பீர் பெருகியது. நெருக்கம் முழுமையானதல்ல, சில நாடுகள் அசைகின்றன, சில அசைய மறுக்கின்றன.

இந்தக் கணக்குகளுக்கே ஓர் ஓட்டை உண்டு. உலகில் குடிக்கப்படும் ஆல்கஹாலில் சுமார் கால் பங்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வீட்டில் காய்ச்சியது, மரத்திலிருந்து இறக்கியது, எல்லை தாண்டி வந்தது எல்லாம் அதில் அடக்கம். ஆக ஒரு நாட்டின் பானம் என்று புள்ளிவிவரம் காட்டுவது, அந்த நாட்டின் வரித்துறை கண்ட பானத்தை. வரியே ருசியைத் தீர்மானித்தது என்ற வாதமும் அதே வரிப் பதிவேட்டிலிருந்து எழுதப்பட்டது என்பதால், கஜானா விளக்கம் தன் பலத்தை ஓரளவு மிகைப்படுத்திக் காட்டக்கூடும்.

இருந்தும் டென்மார்க், கொரியா, இங்கிலாந்து மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ருசி திரும்பிய தருணங்களில் அரசின் கையும், திரும்பிய பிறகு அது நிலைத்ததில் பழக்கமும் இருந்ததாகக் கொள்ள இடமுண்டு. ஸ்பெயின் மட்டும் இந்தச் சட்டகத்தில் அடங்க மறுக்கிறது. டென்மார்க்கில் 1917-இல் விழுந்தது போன்ற வரி இடி அங்கே விழவில்லை, ஒயின் மலிவாகவே கிடைத்தது, இருந்தும் ஒரு தலைமுறைக்குள் இளைஞர்கள் பீருக்குப் போனார்கள். கிராமத்திலிருந்து நகரத்துக்கு இடம்பெயர்ந்ததா, வடக்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளா, அப்பா குடித்ததைப் பிள்ளை தவிர்த்ததா என்று மூன்று ஊகங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் எந்த வயதில் எதைக் குடிக்கத் தொடங்கினார் என்ற தரவைத் தலைமுறை வாரியாகப் பிரித்துப் பார்க்காத வரை, இந்த மூன்றில் எதையும் தள்ளிவிட முடியாது.